கடல் தூண்டில் வாங்கலாமா?

கைலாசபுரம் குவார்ட்டர்ஸ்ல இருக்கற அக்கா மகன் போன வருசம் 1,800 ரூபாய்க்கு ஒரு கடல் தூண்டில் வாங்கினான். "ஹெவி டூட்டி மாமா, பெரிய பாறை மீனையே இழுக்கும்" என்றான். ஒரு மூட்டை டி.ஏ.பி. 1,350 ரூபாய்னு கணக்குப் போடற எனக்கு வயிறு எரிஞ்சுது.

வேளாங்கண்ணிக் கரையில நானே வீசிப் பார்த்தேன். தடியைக் குறை சொல்ல முடியாது. உள்ளே குழல் இல்லாத கெட்டி ஃபைபர் கிளாஸ். கனம் அதிகம், ரெண்டு மணி நேரத்துல மணிக்கட்டு கடுக்குது. ஆனா நல்லா வளைஞ்சு கொடுக்கும், லேசுல முறியாது.

காசைக் குறைச்சது நரம்பு ஓடற வளையத்துல. பையன் நல்ல தண்ணியில கழுவாம அப்படியே சாத்தி வச்சுட்டான். மூணு மாசத்துல வளையம் துருப்பிடிச்சு, நரம்பை அறுத்துடுச்சு. உப்பு மம்பட்டியையே தின்னும், இதை விடுமா?

அதனால வாங்கும்போது தடியை வளைச்சுப் பார்த்தா போதாது. வளையம் துருப்பிடிக்காததா, ரீல் ஆடாம உட்காருதான்னு பாருங்க.

இன்னொன்று. கார்பன் தடி லேசா இருக்கும், ஆனா அதுல கரண்ட் பாயும். மேலே கம்பி போற இடத்துல அதைத் தூக்கவே கூடாது. மோட்டார் கொட்டகையில ஷாக் வாங்கினவன் சொல்றேன்.

வருசத்துக்கு நாலு தடவை கடலுக்குப் போறவங்க இந்த விலைத் தடியைத் தாராளமா வாங்கலாம். உய்யக்கொண்டான் வாய்க்கால் கெண்டைக்கு மட்டும் வேண்டாம். இவ்வளவு தடிச்ச நுனியில சின்ன மீன் கடிக்கறதே தெரியாது. அதுக்கு நம்ம மூங்கில்தான்.

பையன் இப்ப வளையத்தை மட்டும் மாத்திட்டான். கழுவவும் செய்யறான்.