ஹார்ன் தந்த மூச்சு

ஜெர்மன் ஓபரா பாடகர் ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாடிப்படியில்தான் தொடங்குகிறார்கள். 1966 செப்டம்பரில் நண்பர் வீட்டுப் படிக்கட்டில் தவறி விழுந்து ஹைடல்பெர்கில் இறந்தார். 36 வயது நிறைய ஒன்பது நாள் பாக்கி. நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் முதல் மேடைக்குச் சில வாரங்களே இருந்தன. அகால மரணம் என்றாலே நமக்கு ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில் அவர் பாடக் கற்ற கதை காணாமல் போய்விடுகிறது.

பிறந்தது 1930இல், கூசெல் என்ற சிற்றூரில். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாய் வயலின் கலைஞர். வுண்டர்லிஷ் ஃபிரைபுர்க் இசைக் கல்லூரியில் குரலிசையோடு ஹார்ன் வாத்தியமும் படித்தார். செலவுக்கு நடனக் குழுக்களில் வாசித்தார், பாடினார். ஹார்ன் என்பது பல அடி நீளக் குழாயைச் சுருட்டி வைத்த வாத்தியம். ஊதுபவரின் மூச்சு சற்றே தளர்ந்தாலும் சுரம் பிசகும். நீண்ட வரியை அவசரமின்றி ஒரே மூச்சில் பாடி முடிக்கும் அவரது வல்லமைக்கு அந்தப் பித்தளைக் குழாய்தான் காரணம் என்பார்கள். கேட்டால் நம்பத் தோன்றுகிறது.

1955இல் ஸ்டுட்கார்ட் ஓபராவில் சேர்ந்தபோது கிடைத்த வேடம், வாக்னரின் ‘மைஸ்டர்சிங்கர்’ நாடகத்தில் பன்னிரண்டு பாடகர்களில் ஒருவன். அந்தப் பாத்திரத்தின் பெயர் ரசிகர்களுக்கே நினைவிருக்காது. ஜெர்மனியில் பல ஊர்களில் அரசு மானியத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கின்றன. இன்று சின்ன வேடம், நாளை ஒத்திகை, மறுநாள் வேறொரு நாடகம். ஜெர்மன் குரல்களை வளர்த்ததில் நட்சத்திர மோகத்தைவிட இந்தச் சம்பளப் பட்டியலுக்கே பங்கு அதிகம் என்பது நம் கட்சி. மூத்த பாடகர் யோசெஃப் டிராக்ஸல் பாட முடியாமற்போன ஒரு மாலையில் மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ நாயகன் டமினோ இவர் கைக்கு வந்தான். கல்லூரி மேடையிலேயே பாடிப் பழகிய வேடம். பிறகு ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக்.

நம்மை ஈர்ப்பது அதற்கடுத்த கட்டம். ஓபராவில் கொடிகட்டிப் பறந்தவர், ‘லீட்’ எனப்படும் கவிதைப் பாடல்களைத் தனிக் கச்சேரியில் பாடியபோது விமர்சகர்களுக்கு நிறைவில்லை. ஓபராவில் உடை, விளக்கு, வாத்தியக் குழு எல்லாம் பாடகரைத் தாங்கிக்கொள்ளும். இங்கே இருப்பது ஒரு பியானோவும் ஒரு கவிதையும். முப்பதைக் கடந்த அந்த நட்சத்திரம் பியானோக் கலைஞர் ஹூபெர்ட் கீஸன்முன் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். ஷூமானின் ‘கவிஞனின் காதல்’ பதிவில் பியானோ வாசிப்பவர் கீஸன்தான். 1966 செப்டம்பர் 4 அன்று எடின்பரோவில் நடந்த கடைசிக் கச்சேரியிலும் அவரே வாசித்தார்.