சேஷாசலத்திலிருந்து குப்பம் வரை

இந்திய ஜனநாயகம் எதேச்சாதிகாரத்தை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறதா என்ற கேள்வி நாடாளுமன்றத்திலும் கருத்தரங்குகளிலும் அன்றாடம் எழுப்பப்படுகிறது. சுவீடன் நாட்டின் வி-டெம் ஆய்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிக்கையிலேயே இந்தியாவைத் ‘தேர்தல்வழி எதேச்சாதிகாரம்’ என்ற பட்டியலில் சேர்த்தது. ஒன்றிய அரசு அதை மறுத்தது. புள்ளிகளையும் தரவரிசையையும் வைத்து நடக்கும் அந்த விவாதத்தை அறிஞர்கள் தொடரட்டும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாழ்கின்ற நமக்குக் கேள்வி வேறு விதமாக எழுகிறது: அந்தச் சரிவு எங்கே தொடங்கியது, யாருடைய வாசலில் முதலில் வந்து நின்றது?

ஒரு சொல்லின் பொய்

2015 ஏப்ரல் 7. சேஷாசலம் வனப்பகுதியில், சந்திரகிரிக்கு அருகே இரண்டு இடங்களில், 20 தொழிலாளர்கள் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புக் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அனைவரும் தமிழ்நாட்டினர், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த கூலிகள். அவர்களில் மலைவாழ் மக்கள் பலர்.

அந்த நாள்களில் தெலுங்கு அறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் இருந்தேன். தெலுங்கில் ‘எதுரு கால்புலு’ என்று எழுதியிருந்தார்கள். எதிர்த்துச் சுடுதல் என்பது அதன் நேர்ப்பொருள். தமிழ் நாளேடுகள் ‘மோதல்’ என்றன. சில ‘என்கவுன்டர்’ என்றே அச்சிட்டன. மோதல் என்றால் இரு தரப்பும் மோதியிருக்க வேண்டும். எதிர்த்துச் சுடுதல் என்றால் எதிரே துப்பாக்கி இருந்திருக்க வேண்டும். தொழிலாளர்கள் கல்லும் கோடாலியும் கொண்டு தாக்கியதாகத்தான் காவல்துறையே கூறியது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிற சொற்கள் இவை. பேனாவைச் சிறிது நேரம் கீழே வைத்துவிட்டு, ‘சுட்டுக் கொல்லப்பட்டனர்’ என்றே எழுதினேன்.

உயிர் தப்பிய சாட்சிகள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சென்று, தங்களுடன் வந்தவர்கள் பேருந்திலிருந்தே பிடித்துச் செல்லப்பட்டதாகக் கூறினர். ஆணையம் மத்தியப் புலனாய்வு விசாரணைக்கும், குடும்பம் ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணத்துக்கும் பரிந்துரைத்தது. மாநில அரசு அதை ஏற்காமல் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. காவல்துறைச் சாவுகள் எவ்வாறு விசாரிக்கப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது 2014 செப்டம்பரில். அதன்பின் ஏழு மாதங்கள்கூட ஆகாத நிலையில் நடந்த படுகொலை இது. இதற்காக ஒரு காவலரும் தண்டிக்கப்படவில்லை.

செம்மரக் கடத்தல் உண்மையானது. அந்த மரம் உலகிலேயே இந்த மலைத்தொடர்களில்தான் இயற்கையாக வளர்கிறது. அதைக் காப்பது அரசின் கடமை. இவற்றில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மரம் வெட்டிய குற்றத்துக்கு நாட்டின் எந்தச் சட்டத்திலும் மரண தண்டனை கிடையாது. தரகர்களும் ஏற்றுமதிப் பெரும்புள்ளிகளும் நடத்துகிற தொழிலில், கோடாலி பிடித்த கூலிக்கு மட்டும் அந்தத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. “கடத்தல்காரர்கள்தானே” என்று நடுத்தர வர்க்கம் தன் மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டது. எதேச்சாதிகாரத்துக்குத் தேவைப்படும் முதல் அனுமதி அந்த ஒரு சொல்லில் கிடைத்துவிடுகிறது.

அனுமதி கேட்கும் உரிமை

எட்டு ஆண்டுகள் கழித்து, அதே பழைய சித்தூர் மாவட்டத்தின் மறுகோடியில் நடந்ததைப் பாருங்கள். 2022 டிசம்பர் இறுதியில் கந்துகூரிலும், 2023 புத்தாண்டு நாளில் குண்டூரிலும் தெலுங்கு தேசம் கட்சி நிகழ்ச்சிகளின் கூட்ட நெரிசலில் மொத்தம் 11 பேர் உயிரிழந்தனர். வருந்தத்தக்க இச்சாவுகளைக் காரணம் காட்டி, ஜெகன்மோகன் ரெட்டி அரசு 2023 ஜனவரி 2 அன்று அரசாணை எண் 1-ஐ வெளியிட்டது. சாலைகளில் பொதுக்கூட்டமோ ஊர்வலமோ நடத்த, அரிதான சூழ்நிலைகளில் தவிர அனுமதி இல்லை என்பது அதன் சாரம். கூட்ட நெரிசலைத் தடுக்க இடம், வழி, காவலர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தலாம். கூடுகின்ற உரிமையையே நிறுத்திவைப்பது ஒழுங்குபடுத்தல் ஆகாது. ஆணைக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டதோ 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம். 1857 எழுச்சியால் அரண்டுபோன வெள்ளை ஆட்சி, இந்திய மக்களை அடக்குவதற்காக இயற்றிய சட்டம் அது.

ஆணை வந்த இரண்டாம் நாள், 1989 முதல் தாம் வென்றுவரும் குப்பம் தொகுதிக்குள் நுழைய முயன்ற சந்திரபாபு நாயுடு காவல்துறையால் தடுக்கப்பட்டார். முன்னாள் முதல்வர் நடுச்சாலையில் நின்று காவல் அதிகாரிகளிடம் சட்டம் பேசினார். ஜனநாயகம் கொலை செய்யப்படுவதாக அவருடைய கட்சி முழங்கியது. முழக்கத்தில் தவறில்லை. ஆனால் 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் அந்த 20 பேர் கொல்லப்பட்டபோது முதலமைச்சராக இருந்தவர் அவரே. விசாரணைக்கு உட்படாத காவல் அதிகாரம் என்ற ஆயுதம் எந்தக் கட்சிக்கும் சொந்தமானதன்று. ஆட்சி மாறும்போது அது கைமாறும். நேற்று ஏந்தியவருக்கு எதிராகவே நாளை நீளும்.

அரசாணையை எதிர்த்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் தோழர் கே. ராமகிருஷ்ணா உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில், ஆந்திர உயர்நீதிமன்றம் 2023 மே 12 அன்று அவ்வாணையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு மக்கள் அந்த ஆட்சியையே வாக்குச்சீட்டால் அகற்றினர்.

“நீதிமன்றம் இருக்கிறது, தேர்தல் நடக்கிறது, ஆட்சிகள் மாறுகின்றன, பிறகு எங்கே எதேச்சாதிகாரம்?” என்று கேட்போர் உண்டு. அலட்சியம் செய்யக்கூடிய கேள்வி அன்று இது. உண்மையில், எல்லாம் முடிந்துவிட்டது என்று நாமும் கூறவில்லை. ஆனால் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். அரசியல் கட்சிகளின் ஊர்வல உரிமைக்கு நான்கு மாதங்களில் நீதி கிடைத்தது. மலைக்கூலிகளின் உயிருரிமைக்குப் பத்து ஆண்டுகள் கடந்தும் நீதி கிடைக்கவில்லை. ஜனநாயகம் சிலருக்கு நடப்பில் இருக்கிறது. சிலருக்கு நின்றுபோய் நெடுநாள் ஆகிறது. சரிவு என்பது இந்த இரண்டாம் பிரிவினரின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதுதான்.

வாக்குச்சீட்டும் தப்பவில்லை

தேர்தல் என்ற கடைசி அரண் பற்றியும் திருப்பதி நமக்குப் பாடம் சொல்கிறது. 2021 ஏப்ரல் 17 அன்று நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலில் வெளியூர்களிலிருந்து பேருந்துகளில் ஆள்கள் கொண்டுவரப்பட்டுக் கள்ளவாக்கு போடப்பட்டதாக எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. வாக்காளர் பதிவு அலுவலரின் கணினிக் கடவுச்சொல்லைக் கொண்டு 30,000-க்கும் மேற்பட்ட வாக்காளர் அடையாள அட்டைகள் முறைகேடாகப் பதிவிறக்கம் செய்யப்பட்டன என்ற புகாரில், அப்பொறுப்பில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி 2024 ஜனவரியில் தேர்தல் ஆணையத்தின் உத்தரவின்படி இடைநீக்கம் செய்யப்பட்டார். அதற்குள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆட்சி மாறிய பின் முறை மாறியதா? 2025 பிப்ரவரியில் திருப்பதி மாநகராட்சித் துணை மேயர் தேர்தலுக்கு வந்த மாமன்ற உறுப்பினர்களின் பேருந்து தாக்கப்பட்டு, தேர்தல் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2021-இல் ஓரிடம் தவிர ஏறத்தாழ முழு மாநகராட்சியையும் கைப்பற்றியிருந்த கட்சி அதில் தோற்றது. நேற்று அடித்தவர் இன்று அடிபட்டவர். அடிவாங்கியது இரு முறையும் வாக்காளரின் தீர்ப்பு.

இதையே பேரளவில் டெல்லியில் காண்கிறோம். 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எதிர்க்கட்சி வரிசைகள் பெருமளவு காலியாகக் கிடந்த மக்களவையில் மூன்று குற்றவியல் சட்டங்களும், தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தலைமை நீதிபதிக்கு இடமளிக்காத சட்டமும் நிறைவேறின. 1975 ஜூன் 25-இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அறிவிக்கப்பட்டதால் அதைத் திரும்பப் பெறவும் முடிந்தது. இன்று அறிவிப்பும் இல்லை, ஆகவே முடிவுத் தேதியும் இல்லை.

நமது கடமை

தோழர்களே, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் நமக்கும் சற்றுக் கசப்பானது. ஊர்வலத்துக்குத் தடை வந்தபோது நாம் விரைந்து நீதிமன்றம் சென்றோம், அது சரியே. செம்மரக் கூலிகளுக்காகவும் இடதுசாரிகள் குரல் கொடுத்தனர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல ஏப்ரல் 7 நமது நாள்காட்டியிலிருந்தும் மெல்ல நழுவிவிட்டது. நமக்கு வாக்களிக்காதவர், மாநில எல்லைக்கு அப்பால் இருப்பவர், குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவர் ஆகியோரின் உரிமையைக் காக்கும்போதுதான் ஜனநாயகப் போராட்டம் முழுமை பெறும். அரசியல் எதிரியான ஒருவரின் கூட்டம் தடுக்கப்பட்டாலும் நாம் எதிர்க்க வேண்டும்.

ஆந்திரக் கிளைகளும் தமிழ்நாட்டுக் கிளைகளும் கைகோத்து, சேஷாசலம் வழக்கில் நீதி கேட்கும் இயக்கத்தை மீண்டும் கையிலெடுக்க வேண்டும். சவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் ஊரிலேயே வேலையும் நிலமும் கிடைக்கப் போராட வேண்டும். வயிறு காய்ந்தவரைத்தான் தரகர் தேடி வருகிறார். 1861 காவல் சட்டத்தை நீக்கக் கோர வேண்டும். வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் பணியைத் தேர்தல் நேரத்துக்கு மட்டும் ஒதுக்கிவைக்கக் கூடாது.

நாடு எங்கே போகிறது என்று அறியத் தலைநகரைப் பார்ப்பது வழக்கம். திருமலைக்கு நடந்து செல்லும் பக்தர்களின் பாதைக்குச் சற்றுத் தொலைவில், அந்தக் காட்டுக்குள்ளும் ஒருமுறை பாருங்கள். அங்கே விழுந்த 20 பேரின் வழக்கு முடியாத வரை, இந்த ஜனநாயகம் நலமாக இருக்கிறது என்று எந்த மொழியிலும் நம்மால் எழுத முடியாது.