27,000 ரூபாய் மிஷினை 42 ரூபாய் ஆயில் கொன்ற கதை

மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசற இடத்துல இன்னிக்கு புல் வெட்டற மிஷினுக்கு என்ன ஆயில் ஊத்தணும்னு பேசப் போறேன். "இவனுக்கு என்ன ஆச்சு?"னு நினைக்காதீங்க. இந்த விஷயத்துல நான் 14,000 ரூபாய் இழந்திருக்கேன். எந்த ஸ்டாக்லயும் அவ்வளவு வேகமா இழந்ததில்ல.

நம்மள்ல நிறைய பேருக்கு இதே கதை இருக்கும். முதல் அப்ரைசல், கையில கொஞ்சம் காசு, ஊர்ல அப்பா அம்மா கஷ்டப்படறாங்க, ஏதாவது வாங்கிக் கொடுக்கணும்னு ஆசை. எங்க அப்பாவுக்கு பொள்ளாச்சி பக்கம் ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. மழை பெஞ்சா பத்தே நாள்ல முட்டி உயரம் புல். வாடகைக்கு பிரஷ் கட்டர் எடுத்து வெட்டிட்டு இருந்தார். நான் சொந்தமாவே ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். 4 ஸ்ட்ரோக் மிஷின், 27,000 ரூபாய், கிரெடிட் கார்டுல மாசம் 3,000 வீதம் 9 மாச "நோ காஸ்ட்" இஎம்ஐ. ப்ராசஸிங் ஃபீ, வட்டி மேல ஜிஎஸ்டினு ஓரமா போனது தனிக் கணக்கு.

அஞ்சாவது மாசம் இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு. எனக்கு அது தெரிஞ்சது மூணு வாரம் கழிச்சு. அதுவும் அம்மா போன்ல வாய் தவறி, "ரெண்டு ஆளு விட்டு மூணு நாளா புல்லு வெட்டுனோம்"னு சொன்னதால. "மிஷின் என்னாச்சு?"னு கேட்டேன். அம்மா போனை அப்பாகிட்ட கொடுத்துட்டாங்க.

"நீ இன்னும் பணம் கட்டிட்டு இருக்கே கண்ணு. அதுக்குள்ள கெடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது?"

ஒரு நிமிஷம் எனக்குப் பேச வரல. 62 வயசு மனுஷன், பையனோட இஎம்ஐக்கு பயந்து மூணு வாரமா வாயைத் திறக்காம இருந்திருக்கார்.

தப்பு யாருடையது?

மெக்கானிக் பிரிச்சுப் பார்த்துட்டு சொன்னது ஒரே வரி: "ஏனுங்கய்யா, இதுல ஆயிலே இல்லீங்களே."

அப்பா அதிர்ந்து போயிட்டார். அவர் ஒவ்வொரு தடவையும் ஆயில் ஊத்தித்தான் ஓட்டியிருக்கார். ஆனா எங்க ஊத்தினார்? பெட்ரோல்ல கலந்து! வாடகைக்கு எடுத்த பழைய மிஷின் 2 ஸ்ட்ரோக். அதுக்கு பெட்ரோல்ல 2டி ஆயில் கலக்கணும். நான் வாங்கிக் கொடுத்தது 4 ஸ்ட்ரோக். அதுக்கு பெட்ரோல் தனி, இன்ஜின் ஆயில் தனி. கடையில முதல் நாள் ஊத்தின 100 மில்லி ஆயில்தான் அஞ்சு மாசமும். கொஞ்சம் கொஞ்சமா எரிஞ்சு தீர்ந்திருக்கு. பிஸ்டன், சிலிண்டர், கனெக்டிங் ராட் எல்லாம் போச்சு. வாரண்டியும் கிடையாது, ஏன்னா உள்ள ஆயில் இல்லாம ஓட்டினது நம்ம தப்பு.

நான் இதை அப்பா தப்புன்னு சொல்லவே மாட்டேன். மேனுவல் எங்க இருந்துச்சு தெரியுமா? சென்னையில, என் ரூம் பீரோவுல, பில்லோட சேர்த்து ஃபைல் போட்டு பத்திரமா. வாரண்டி க்ளெய்முக்கு பில் வேணும்ல! மிஷின் பொள்ளாச்சியில, அதை எப்படி ஓட்டறதுங்கற புக்கு சென்னையில. 500 கிலோமீட்டர் இடைவெளி. தப்பு என்னுடையது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ரிப்பேர் செலவு 9,800 ரூபாய். ஆள் கூலி, ரெண்டு பேர், மூணு நாள், தலைக்கு 700 வீதம் 4,200. மொத்தம் 14,000. மிஷின் விலையில பாதிக்கும் மேல.

இப்ப அந்தப் பக்கம் பாருங்க. இந்த மாதிரி சின்ன 4 ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு தடவைக்கு குடிக்கற ஆயில் சுமார் 100 மில்லி. நான் வாங்கின ஒரு லிட்டர் பாட்டில் 420 ரூபாய். அப்ப ஒரு தடவை மாத்த 42 ரூபாய். என் மேனுவல் சொல்றது: முதல் 10 மணி நேரத்துல ஒரு தடவை, அப்புறம் 50 மணி நேரம் அல்லது 6 மாசத்துக்கு ஒரு தடவை. வருஷத்துக்கு ரெண்டுன்னு வச்சா 84 ரூபாய். நான் இழந்த 14,000 ரூபாய்ல 166 வருஷத்துக்கு ஆயில் மாத்தியிருக்கலாம்.

சரி, எந்த ஆயில்?

யூடியூப்ல தேடினா "பெஸ்ட் இன்ஜின் ஆயில்"னு நூறு வீடியோ வரும். என் கருத்து, "பெஸ்ட்"ங்கற கேள்வியே தப்பு. பெஸ்ட் இன்சூரன்ஸ் எதுன்னு கேட்டா ஏஜென்ட் தனக்கு எதுல கமிஷன் ஜாஸ்தியோ அதைக் காட்டுவார். "எனக்குப் பொருந்தறது எது?"ன்னு கேட்டாத்தான் நமக்கு விடை கிடைக்கும். மிஷினும் அப்படித்தான். வரிசையா கேளுங்க.

முதல் கேள்வி: 2 ஸ்ட்ரோக்கா, 4 ஸ்ட்ரோக்கா? மூடியை எண்ணிப் பாருங்க. பெட்ரோல் டேங்க் மூடி மட்டும் இருந்தா பெரும்பாலும் 2 ஸ்ட்ரோக். பெட்ரோல் மூடி ஒண்ணு, இன்ஜின் அடியில ஆயில் மூடி தனியா ஒண்ணுன்னா 4 ஸ்ட்ரோக். சந்தேகம் இருந்தா மேனுவல். இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிஞ்சிருந்தா என் 14,000 தப்பிச்சிருக்கும்.

2 ஸ்ட்ரோக்னா: மேனுவல்ல 50:1 னு போட்டிருந்தா ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில். 25:1 னா 40 மில்லி. கண்ணளவு வேண்டாம், அளந்து ஊத்துங்க. பாட்டில்ல ஜாஸோ எஃப்சி அல்லது எஃப்டினு இருந்தா காத்துல குளிர்ற சின்ன இன்ஜினுக்கு ஏத்த தரம். எஃப்டி இன்னும் சுத்தமா எரியும். படகு மோட்டாருக்கு வர்ற 2 ஸ்ட்ரோக் ஆயில் வேற, அதை எடுத்துடாதீங்க. பைக்குக்கு ஊத்தற 4டி ஆயிலை பெட்ரோல்ல கலக்கறதும் தப்பு. அது எரியறதுக்குன்னு செஞ்ச ஆயில் இல்ல, கரி பிடிச்சு அடைச்சுக்கும். ஆயிலே கலக்காத வெறும் பெட்ரோல் போட்டு ஓட்டினா? சில நிமிஷத்துல இன்ஜின் காலி ஆகலாம்.

4 ஸ்ட்ரோக்னா: ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, எஸ்ஏஇ கிரேடு. அதாவது ஆயிலோட கெட்டித்தன்மை. 10டபிள்யூ-30 னு இருந்தா, டபிள்யூ பக்கத்துல இருக்கற நம்பர் குளிர்ல எப்படி ஓடும்னு சொல்லும். பின்னால இருக்கற 30, சூடான இன்ஜின்ல எவ்வளவு கெட்டியா இருக்கும்னு சொல்லும். ரெண்டு, ஏபிஐ தரம். எஸ் எழுத்துல ஆரம்பிச்சா பெட்ரோல் இன்ஜினுக்கு, சி எழுத்துல ஆரம்பிச்சா டீசல் இன்ஜினுக்கு. எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என்னு எழுத்து மேல போகப் போகப் புதுசு. மேனுவல்ல "எஸ்ஜே அல்லது அதற்கு மேல்"னு இருந்தா எஸ்எல், எஸ்என் எல்லாம் ஊத்தலாம்.

புல்வெளியில தள்ளிட்டுப் போற பெரிய மோவர் வச்சிருக்கவங்களுக்கும் இதே விதிதான். ஆனா அதுக்கு அரை லிட்டர் அளவுக்கு ஆயில் பிடிக்கும். சில இன்ஜின் கம்பெனிகள் வெயில் அதிகமான இடத்துக்கு 10டபிள்யூ-30க்கு பதிலா எஸ்ஏஇ 30 போடச் சொல்றாங்க. காத்துல குளிர்ற இன்ஜின் நம்ம ஊர் வெயில்ல ரொம்ப சூடாகும். 10டபிள்யூ-30 போட்டா ஆயில் கொஞ்சம் வேகமா குறையலாம். அதனால உங்க மேனுவல்ல இருக்கற வெப்பநிலைப் படத்தை ஒரு தடவை பாருங்க.

ஒரு சின்ன டிப். எங்க வீட்டுல அம்மாவோட ஸ்கூட்டருக்கும் 10டபிள்யூ-30 தான். ஒரு லிட்டர் பாட்டில் வாங்கினா ஸ்கூட்டருக்கு ஊத்தினது போக மிச்சம் இருக்கும். கிரேடும் ஏபிஐ தரமும் மேனுவலோட ஒத்துப்போனா அந்த மிச்சமே பிரஷ் கட்டருக்குப் போதும். பாட்டில்ல எம்ஏ, எம்பினு இருக்கறது பைக் கிளட்ச் சமாச்சாரம். பிரஷ் கட்டர்ல கிளட்ச் ஆயில்ல ஊறாது, அதனால இங்க அது பிரச்சனை இல்ல. அப்ப தனிச் செலவு பூஜ்யம்!

"ஃபுல்லி சிந்தெடிக் போட்டா நல்லதுதானே ப்ரோ?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். கிரேடு சரியா இருந்தா தாராளமா போடலாம், கெடுதல் இல்ல. 42 ரூபாய்க்கு பதிலா 85 ரூபாய் ஆகும். வருஷத்துக்கு 86 ரூபாய் வித்தியாசம். அது யாரையும் ஏழையாக்காது.

ஆனா எனக்கு வேற ஒரு பயம் இருக்கு. விலை உசந்த ஆயில் ஊத்தினதும் "இனிமே கவலை இல்ல"ன்னு ஒரு நிம்மதி வரும் பாருங்க, அதுதான் ஆபத்து. இந்த சின்ன இன்ஜின்கள் பலதுல ஆயில் ஃபில்டரே கிடையாது. 100 மில்லிதான் மொத்த சரக்கு. அதுல 30 மில்லி குறைஞ்சாலே மூணுல ஒரு பங்கு போயிடும். சிந்தெடிக்கா இருந்தாலும் தீர்ந்து போனா தீர்ந்ததுதான். மாசம் ஒரு தடவை திறந்து பார்க்கற சாதா ஆயில், திறந்தே பார்க்காத சிந்தெடிக்கை விட மேல். எஸ்ஐபி போட்டுட்டு நாமினியே போடாம விட்டவங்களுக்கு இது புரியும்.

மூணு பழக்கம் போதும்

ஓட்டறதுக்கு முன்னாடி மிஷினை சமதளத்துல வச்சு, இன்ஜின் ஆறின பிறகு ஆயில் மூடியைத் திறந்து அளவு பாருங்க. அளவுக்கு மேல ஊத்தறதும் தப்பு, புகை கக்கும். அளக்கறதுக்கு மருந்துக் கடையில 50 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கங்க. ரெண்டு தடவை ஏத்தினா 100 மில்லி.

ஒரு மாசத்துக்கு மேல ஓட்டப் போறதில்லன்னா டேங்க்ல பெட்ரோலை விடாதீங்க. ஆயில் கலந்து வச்ச பெட்ரோலையும் மாசக் கணக்குல வைக்காதீங்க.

பழைய ஆயிலை வாய்க்கால்லயோ மரத்தடியிலயோ கொட்டாதீங்க. அதே தண்ணியைத்தான் தோப்பும் குடிக்குது. பாட்டில்ல பிடிச்சு வண்டி மெக்கானிக்கிட்ட கொடுத்துடுங்க.

கடைசியா ஒண்ணு

நம்ம தலைமுறைக்கு வாங்கறதுக்கு பட்ஜெட் போடத் தெரியுது. வச்சுக் காப்பாத்தறதுக்கு போடத் தெரியல. இஎம்ஐ எவ்வளவுன்னு கேட்கறோம். வருஷத்துக்கு பராமரிப்பு எவ்வளவுன்னு கேட்கறதில்ல. இப்ப நான் எந்த மிஷின் வாங்கினாலும் விலையில 5 சதவீதத்தை வருஷா வருஷம் தனியா எடுத்து வைக்கிறேன். 27,000க்கு 1,350. ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், நைலான் கயிறு எல்லாம் அதுக்குள்ள அடங்கிடுது. அந்த 1,350 இல்லன்னா அந்த மிஷினை வாங்கற வசதி எனக்கு இன்னும் வரலன்னு அர்த்தம்.

பணத்தை விட முக்கியமானது இன்னொண்ணு. ஊருக்கு ஒரு பொருளை அனுப்பிட்டா கடமை முடிஞ்சதுன்னு நினைச்சேன். டெலிவரி ஆன ஞாயித்துக்கிழமை அப்பா கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தா அவர் மூணு வாரம் தலை குனிஞ்சு நின்னிருக்க மாட்டார்.

இப்ப தோப்பு மோட்டார் ரூம் சுவத்துல ஒரு அட்டை ஒட்டியிருக்கேன். பெரிய எழுத்துல நாலே வரி: "பெட்ரோல்ல ஆயில் கலக்கக் கூடாது. கீழ் மூடியில ஆயில் பார்க்கணும். 10டபிள்யூ-30. 100 மில்லி." மாசம் ஒண்ணாம் தேதி எனக்கு சம்பளம் வர்ற அன்னிக்கு அப்பா போன் பண்றார். "ஆயில் பார்த்துட்டேன் கண்ணு, சரியா இருக்கு."

நீங்க வீட்டுக்கு வாங்கிக் கொடுத்த மிஷினோட மேனுவல் இப்ப யார்கிட்ட இருக்கு? உங்க ரூம்ல இருந்தா இன்னிக்கே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்க. அனுப்பிட்டு ஒரு போன் பண்ணுங்க. அப்புறம் கமெண்ட்ல சொல்லுங்க, உங்க வீட்டுல எந்த மிஷின் இப்படிப் போச்சுன்னு. அடுத்த பதிவுல சந்திப்போம்.