மரணப் படுக்கையருகே ஒரு தாதி

நோயுற்றோரை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை அறியாதார் நம்மில் இல்லை. ஆனால், மருத்துவர் கைவிரித்துவிட்ட நோயாளியின் அருகில் நாம் செய்வது என்ன? கூட்டமாய்ச் சென்று அமர்கிறோம், பழம் வைக்கிறோம், துஆச் செய்து திரும்புகிறோம். அவருடைய புண்ணைத் துடைப்பவர் யார்? இரண்டு மணி நேரத்திற்கொருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பவர் யார்?

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை, ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் சேர்க்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஸஅது (ரலி) அவர்கள் அக்காயத்தாலேயே பின்னர் ஷஹீதானார்கள். பிழைக்கவில்லையே என்பதற்காக அப்பணிவிடை வீணாகிவிடுமா? தாதியர் பயிற்சிக்குச் செல்ல விரும்பும் மகளைக் கண்டு முகம் சுளிக்கும் பெற்றோர் இதனைச் சிந்திக்கட்டும்.

அண்டை மாநிலமான கேரளத்தில், 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் மக்களின் உதவியால் ஊர் ஊராகப் பரவிற்று. அங்கே தாதியே வீடு தேடி வருகிறார். நாற்றமெடுத்த புற்றுநோய்ப் புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுகிறார். நாற்றம் தணிந்தால், ஒதுங்கியிருந்த பேரப்பிள்ளைகளும் கட்டிலருகே வருவார்கள் அன்றோ?

"மார்ஃபின் போதைப் பொருளாயிற்றே, ஹராம் அல்லவா?" எனச் சிலர் வினவுகின்றனர். என்னிடம் இவ்வாறு கேட்டவர்களுள் வலியால் துடிப்பவர் ஒருவரும் இல்லை, எல்லோரும் உறவினரே! நிர்ப்பந்த நிலைக்குத் திருமறை அளிக்கும் சலுகையை, தம் பேணுதலுக்காகப் பிறருக்கு மறுப்பது முறையன்று. மருத்துவர் குறித்த அளவில், நான்கு மணி நேரத்திற்கொருமுறை கொடுக்கப்படும் அம்மருந்து உயிரைப் பறிப்பதில்லை. வலி தணிந்தவர் தயம்மும் செய்து, படுத்தவாறே தொழ இயலும். வலியில் புரள்பவருக்குத் தொழுகையின் நினைவேது?

இறுதி வேளையைப் பற்றியும் ஒரு சொல். ஸக்ராத் நிலையில் ஸம்ஸம் நீரைக் கரண்டி கரண்டியாய் ஊற்றுகிறோம். விழுங்க இயலாதவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தாதி தடுத்தால் கோபிக்கிறோம். அவர் சொல்வதுபோல் பஞ்சால் உதட்டை நனைத்தாலே போதும்; ஃபிக்ஹு நூல்கள் சிலவும் வாயை நனைக்கச் சொல்கின்றன. கலிமாவை அருகிருந்து மெல்லச் சொல்லிக் காட்டுங்கள். ஒருமுறை அவர் மொழிந்துவிட்டால் மீண்டும் மீண்டும் வற்புறுத்த வேண்டா. அந்நேரம் கூட்டத்தைச் சற்று வெளியே நிறுத்துமாறு அத்தாதி கேட்டுக்கொண்டால், ஜமாஅத் தலைவராயினும் எழுந்துவிடுங்கள்.