கசியுதா, சொட்டுதா, ஒழுகுதா?

வாகனத்துக்கு அடியில் எண்ணெய் தெரிஞ்சால் எங்கட பெற்றோர் தலைமுறை இந்த மூண்டு சொல்லில ஒண்டைத்தான் சொல்லும். மூண்டும் வேறவேற நிலை. இத்தாலிய மெக்கானிக்குகளிட்டயும் இதே பிரிப்பு இருக்கு. ஓரம் ஈரமாகித் தூசி பிடிச்சிருந்தால் ‘த்ராசூதா’, வேர்க்குது என்பார்கள். நிலத்தில் விழத் தொடங்கினால் ‘பேர்தே’. போன மாதம் கடிதம் எழுதிய வாசகிக்கு கராஜில் சொன்னது ‘வேர்க்குது, இப்ப பயமில்லை, ஆனால் மாத்தினால் நல்லம்’. இப்படி ஒரு பதிலை வைச்சுக்கொண்டு மனுசர் என்ன செய்வது? அவ கேட்டது டிபரன்ஷல் ஒயில் பற்றி. எங்கட வீட்டிலும் இந்த வருசம் அதே கதைதான் ஓடினது.

முதலில் டிபரன்ஷல் என்ன செய்யுது என்று சுருக்கமாகச் சொல்லுறன். வளைவில் வெளிச் சக்கரம் உள்ச் சக்கரத்தை விடக் கூடத் தூரம் ஓட வேணும். இரண்டையும் வேறவேற வேகத்தில சுத்த விடுற பற்சக்கரக் கூடுதான் அது. மோந்தே பெல்லெக்ரீனோவில் சாந்தா ரொசாலியா கோயிலுக்குக் காரில் ஏறியவர்களுக்கு அந்த வளைவுகள் தெரியும். 600 மீற்றர் உயர மலை, கொண்டைஊசி மாதிரித் திரும்பித் திரும்பி ஏறுற ரோட்டு. பலெர்மோத் தமிழர், சைவக்காரர் உட்பட, ஞாயிறுகளில ஏறுற மலை. ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கூட்டுக்குள்ள பற்கள் ஒன்றை ஒன்று அரைக்குது. இடையில நிக்கிறது அந்த ஒயில் மட்டும்தான்.

உங்களில பெரும்பாலான ஆக்களின்ர கார் முன் சக்கரத்தில ஓடுறது. அதில டிபரன்ஷல் தனியா இல்லை, கியர்பொக்ஸுக்குள்ளேயே இருக்கு, இரண்டுக்கும் ஒரே ஒயில். அதனால ‘ட்ரைவ் ஷாஃப்ட் சீலில கசியுது’ என்று சொன்னால் குறையுறது கியர்பொக்ஸ் ஒயில். பின்சக்கர வான், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் பின்னால தனிக்கூடு இருக்கும். சின்ன வண்டிகளில அதுக்குள்ள ஒரு லீற்றரை ஒட்டித்தான் ஒயில் பிடிக்கும்.

என்னைப் பொறுத்தவரை முக்கியமான விசயம் இதுதான். என்ஜின் ஒயில் குறைஞ்சால் பார்க்க ஒரு கம்பி இருக்கு, அழுத்தம் விழுந்தால் சிவப்பு விளக்கு எரியும். டிபரன்ஷலுக்கு இரண்டும் இல்லை. அது வறண்டால் முதல் செய்தி ஊளைச் சத்தமாத்தான் வரும். அந்தச் சத்தம் வரும்போது பேரிங்கும் பல்லும் ஏற்கெனவே தேஞ்சுபோயிருக்கும்.

எங்கட வண்டி பழைய பாண்டா போர்-பை-போர். அப்பா வேலை செய்த வீட்டு அம்மா மதோனியே மலைப்பக்கம் தோட்டம் வைச்சிருந்தவ. தன்னால இனி ஓட ஏலாது என்று வந்தபோது குறைஞ்ச விலைக்குத் தந்தவ. பின் டிபரன்ஷலின் இடப்பக்க சீலைச் சுத்தி ஈரம். அப்பா குனிஞ்சு பார்த்துவிட்டுச் சொன்னார், “வேர்வைதான் பிள்ளை. வேர்த்தால் ஆரும் ஆஸ்பத்திரிக்குப் போறதோ?” அவரின்ர அண்ணன் 90களில யாழ்ப்பாணத்தில தடைக்காலத்தில ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில ஓட்டினவர். ஸ்டார்ட் எடுக்கச் சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரு சீலின் ஈரம் கணக்கிலேயே வராது.

அப்பா சொன்னது முழுதும் பிழையுமில்லை. கணக்கு போட்டுப் பாருங்கோ. ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி லீற்றர். நாளுக்கு ஒரு சொட்டு விழுந்தால் வருசத்துக்கு 18 மில்லி, ஒரு லீற்றரில இரண்டு வீதம் கூட இல்லை. அதுக்காக நூற்றுக்கணக்கில யூரோ செலவழிக்கிறது வீண். இரவுக்குப் பத்துச் சொட்டு என்றால் 180 மில்லி, கிட்டத்தட்ட ஐந்தில ஒரு பங்கு. அது வேற கதை. ஆனால் நிப்பாட்டின வண்டிக்குக் கீழ விழுறது மட்டும் கணக்கில்லை. சூடாகி, ஒயில் இளகி, ஓடும்போது வெளியில வீசுப்படுறதை நிலத்தில பார்க்க ஏலாது. ஆகவே மட்டையை விரிச்சு மட்டும் முடிவெடுக்கக் கூடாது.

நாங்கள் செய்தது இதுதான். ஜூனில அந்த இடத்தை முழுசாத் துடைச்சு, ஒயில் மட்டத்தைச் சரியா நிரப்பி, கிலோமீற்றரை எழுதி வைச்சோம். மட்டம் பார்க்கிறது கஷ்டமில்லை: வண்டி சமதரையில, ஆறின நிலையில நிக்க வேணும், நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை ஒயில் நிக்க வேணும். ஒன்றை மட்டும் மறக்காதேங்கோ: முதலில நிரப்பும் மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் வடிக்கும் மூடியில கை வைக்க வேணும். மேல் மூடி துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்தால், வடிச்ச ஒயிலைத் திருப்பி ஊத்த வழியில்லாமல் வண்டி அப்படியே நிண்டுடும்.

மூச்சுக்குழாயையும் பார்க்கச் சொன்னன். டிபரன்ஷல் சூடாகும்போது உள்ளே காத்து விரியும். அது வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கு. சேறும் தூசியும் அதை அடைச்சால் அமுக்கம் நல்ல சீலையும் தாண்டி ஒயிலைத் தள்ளும். அடைப்பை எடுக்காமல் புது சீல் போட்டால் சில மாதத்தில அதே ஈரம் திரும்பி வரும். இதைக் கேட்டுப் பாருங்கோ, காசு அதிகம் ஆகாது. எங்களுடையதில பாதி அடைப்பு.

எந்த ஒயில் என்றும் சும்மா விடாதேங்கோ. டிபரன்ஷல் ஒயில் தடிப்பானது, அழுகின முட்டை மாதிரி மணக்கும், அது அதில சேர்க்கிற கந்தகச் சேர்மங்களின்ர மணம். நிலத்தில கண்ட ஈரத்தை இப்படி மணந்தே பிரிச்சு அறியலாம். கூலன்ட் இனிப்பா மணக்கும், ஏசித் தண்ணிக்கு மணமே இல்லை. சக்கரத்தின் உள்பக்கம் மெல்லிய மஞ்சள் திரவம் என்றால் பிறேக் ஒயிலாக இருக்கலாம், அதோட வண்டியை எடுக்கவே கூடாது. ‘ஜீஎல்-5’ என்று எழுதின ஒயிலை ‘ஜீஎல்-4’ கேட்கிற பழைய கியர்பொக்ஸில ஊத்தினால் பித்தளைப் பாகங்களுக்குக் கேடு வரலாம். வண்டியின் கைநூலில என்ன எழுதியிருக்கோ அதுதான்.

இனிச் சட்டம். இத்தாலியில புதுக் காருக்கு நாலாவது வருசம், பிறகு இரண்டு வருசத்துக்கு ஒருக்கா ‘ரெவிசியோனே’. தண்ணி தவிர வேற திரவம் மிதமிஞ்சி ஒழுகி, சூழலுக்கோ ரோட்டில போற மற்றவைக்கோ ஆபத்தாகும் என்றால் அது பெரிய குறை. இது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 வழிகாட்டி விதியிலிருந்து வருகுது, பிரித்தானிய எம்ஓடியிலும் 2018 மே மாதத்திலிருந்து இருக்கு. வேர்வைக்கு விழுத்த மாட்டினம், சொட்டுக்கு விழுத்தலாம். ஆனால் எனக்குப் பெரிசாப் பட்டது ரெவிசியோனே இல்லை. பலெர்மோவில முழு உலகமும் ஸ்கூட்டரில. வளைவில விழுந்த ஒயிலில சறுக்கப் போறது எங்கட கார் இல்லை, பின்னால வாற ஆரோ ஒருத்தரின்ர பிள்ளை.

ஓகஸ்ட் நடுவில 1500 கிலோமீற்றர் ஓடியிருந்தது. மட்டத்துக்குத் திருப்பி நிரப்ப 120 மில்லி போனது. மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தும் அவ்வளவு. ஆயிரத்துக்கு 80 மில்லி. நான் மட்டும் பலெர்மோவுக்குள்ள ஓடுறது என்றால் மூண்டு மாதத்துக்கு ஒருக்கா நிரப்பிக்கொண்டு இன்னும் ஒரு வருசம் இழுத்திருப்பன், அப்பாவுக்கும் அதுதான் விருப்பம். ஆனால் மகனுக்குக் கத்தானியாவில இடம் கிடைச்சு, இந்த வண்டி அவனோட போகப் போகுது. போய்வர 400 கிலோமீற்றர், மாதம் இருமுறை, பத்து மாதம். 8000 கிலோமீற்றர், 640 மில்லி. நெடுஞ்சாலைச் சூட்டில அதைவிடக் கூடவும் போகலாம். அவனுக்கு வயசு பத்தொன்பது. அவன் குனிஞ்சு பார்ப்பான் என்று நான் பந்தயம் கட்ட மாட்டன்.

“சீலுக்கு எவ்வளவு?” என்று அப்பா கேட்டார். இரண்டு பீட்சாக் காசு, அப்பா. கூலிதான் அதின்ர பத்து மடங்கு. அவர் அரை நாள் பேசேல்லை. பிறகு, கூலி அவ்வளவு குடுக்கிறதெண்டால் வலப்பக்க சீலையும் அதே நாளில மாத்தச் சொல்லு என்றார். நல்ல யோசனை. வண்டி ஏற்கெனவே மேல நிக்கும், ஒயிலும் வடிச்சிருக்கும். அதே நேரத்தில செய்தால் இரண்டாம் பக்கத்துக்குக் கூலி குறைவு. உங்கட மெக்கானிக்கிட்டயும் கேளுங்கோ.

எங்களுடையதைப் போல பக்கச் சீல் இல்லாமல், முன்னால தண்டு நுழையுற பினியன் சீல் என்றால் கவனம். அங்க இறுக்கிற நட்டின் இறுக்கம் பேரிங்கின் ஆயுளை முடிவு செய்யும். ஒருமுறை செய்து பார்த்த அனுபவமில்லாத ஆளிட்டக் குடுக்காதேங்கோ. பின் அச்சு முழுசா ஒரே துண்டாயிருக்கிற வான்களில சக்கரப்பக்க சீல் விட்டால் ஒயில் பிறேக் ட்ரம்முக்குள்ள போகும், அதுக்கு யோசிக்கிறதே தேவையில்லை, உடனே செய்ய வேணும். கசிவை நிப்பாட்டும் மருந்து என்று விக்கிற போத்தல்கள் ரப்பரைக் கொஞ்சம் வீங்க வைக்கும், தேஞ்ச தண்டுக்கு ஒண்டும் செய்யாது.

பழைய சீலைக் கையில தந்தார்கள். உதடு பிளாஸ்டிக் மாதிரிக் காய்ஞ்சு போயிருந்தது. ஒரு கிழமை கழிச்சு மட்டத்தைத் திருப்பிப் பார்த்தோம், குறையேல்லை. அப்பா மகனைக் கூப்பிட்டு வைச்சு, மட்டையை எங்க விரிக்கிறது, எதை மணக்கிறது என்று அரை மணித்தியாலம் பாடம் எடுத்தார். ஒக்டோபரில கத்தானியாவிலிருந்து ஒரு படம் வந்தது: காருக்குக் கீழ ஈரம். நான் பதறிக் கூப்பிட்டன். “ஏசித் தண்ணி அம்மா,” என்றான். “மணந்து பார்த்தனான்.”