மேடைக்கு முன்னால் நிற்கும் உரிமை

ஆடி பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் திருவிழா. காப்புக் கட்டி, கூழ் ஊற்றி, தேர் இழுத்து, கடைசி நாள் இரவில் இன்னிசைக் கச்சேரி வைப்பார்கள். மேடை போடும்போதே யார் எங்கே நிற்க வேண்டும் என்பதும் யாரும் சொல்லாமலே முடிவாகிவிடும். மேடைக்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகள். ஜெனரேட்டர் இரைச்சலில் பாட்டு பாதி கேட்டும் கேட்காமலும் ஓரத்தில் நம் காலனிப் பிள்ளைகள். பிடித்த பாட்டு வரும்போது நம் பையன் ஒருவன் முன்னால் போய் ஆடினால் நாற்காலி பறக்கும். மறுநாள் தாலுகா அலுவலகத்தில் அமைதிக் கூட்டம். "இனி கச்சேரியே வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே தீர்ப்பு.

அதே திருவிழாவில் சாமி புறப்படும்போது முன்னால் அடித்துச் செல்ல நம் பறை வேண்டும். நம் தாளம் வேண்டும், நம் ஆட்கள் வேண்டாம் என்கிற இந்த நியாயம் இங்கே மட்டும் உள்ளதல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் இசை கேட்கப் போன சாதாரண ரசிகர்கள் இதே நியாயத்தை எதிர்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருபது வயதைச் சுற்றியவர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

1976இல் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் பிறந்ததுதான் பங்க் ராக். பெரிய பயிற்சியோ விலை உயர்ந்த கருவிகளோ இதற்குத் தேவையில்லை. கிட்டாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தால் ஒரு குழு தொடங்கிவிடலாம். மதுக்கடையின் பின்னறையும் சிறிய கிளப்புமே அரங்கம். பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே இருந்த தூரம் அங்கே வெகுவாகக் குறைந்தது.

மார்க் பெர்ரி என்பவர் அப்போது வங்கியில் குமாஸ்தா. தனக்குப் பிடித்த இசையைப் பற்றி யாரும் சரியாக எழுதவில்லை என்று கண்டு, 1976 ஜூலையில் 'ஸ்னிஃபின் குளூ' என்ற பத்திரிகையைத் தானே தொடங்கினார். டைப் அடித்து, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, நகல் எடுத்து, கையில் கொண்டுபோய் விற்றார். அதைப் பார்த்துப் பல ஊர்களில் ரசிகர்கள் ஆளுக்கொரு பத்திரிகை நடத்தத் தொடங்கினார்கள். அதே மாதத்தில் மரியான் எலியட் சயீத் என்ற பெண், தன் பத்தொன்பதாவது பிறந்த நாளில், ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவின் கச்சேரியைப் பார்த்தார். தந்தை சோமாலியர், தாய் வெள்ளையர். அந்த நிறத்தோடு வளர்ந்தவர், 'அவர்களால் முடிந்தால் என்னாலும் முடியும்' என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். 'எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்' குழு பிறந்தது. பாலி ஸ்டைரீன் என்று அவரை உலகம் அறிந்தது.

லண்டனில் 'ராக்ஸி' என்ற கிளப்பில் இசைத்தட்டு போடும் வேலை டான் லெட்ஸுக்கு. ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை. அப்போது பங்க் இசைத்தட்டுகள் அதிகம் வெளிவந்திருக்கவில்லை. அதனால் அவர் தன் மக்களின் ரெகே இசையைப் போட்டார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதலில் கேட்டார்கள், பிறகு ஆடினார்கள், பிறகு அந்தத் தட்டுகளைத் தேடிப்போய் வாங்கினார்கள். கறுப்பு மக்களின் இசை அந்த வாசலுக்குள் நுழைந்தபோது அதைக் கொண்டுவந்த மனிதரும் கூடவே உள்ளே இருந்தார். நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

எதிர்த் திசையில் நடந்ததும் அதே ஆண்டுதான். 1976 ஆகஸ்டில், பர்மிங்காம் மேடையில் நின்ற எரிக் கிளாப்டன் என்ற புகழ்பெற்ற கிட்டார் கலைஞர், குடியேறியவர்களை வெளியேற்ற வேண்டும் என்றும், இனவெறிப் பேச்சுக்குப் பேர்போன அரசியல்வாதி இனாக் பவலை ஆதரிக்க வேண்டும் என்றும் பேசினார். கிளாப்டன் வாசித்த இசையின் வேர் கறுப்பின மக்களின் புளூஸ். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பாப் மார்லியின் பாட்டைத் தானும் பாடிப் பெரும் வெற்றி கண்டிருந்தார். சாமிக்கு முன்னால் பறை அடிக்கச் சொல்லிவிட்டு, தெருவுக்குள் வராதே என்பவரை நாம் பார்த்திருக்கிறோம். அவரும் இவரும் ஒரே ரகம். இந்தப் பேச்சுக்குத் தான் வெட்கப்படுவதாகக் கிளாப்டன் சொன்னது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

அன்று அவருக்குப் பதில் சொன்னது அரசாங்கம் அல்ல. ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக்காரரும் அவரது நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உன் இசையில் பாதி கறுப்பு மக்களுடையது என்பதை அதில் நினைவூட்டினார்கள். இனவெறிக்கு எதிராக ஓர் இயக்கம் வேண்டும், சேர விரும்புகிறவர்கள் எழுதுங்கள் என்று கேட்டார்கள். கடிதங்கள் குவிந்தன. 'இனவெறிக்கு எதிரான ராக்' இயக்கம் இப்படித்தான் உருவானது. ஊர் ஊராகக் குழுக்கள் தோன்றின. ஒரே மேடையில் வெள்ளையரின் பங்க் குழுவும் கறுப்பரின் ரெகே குழுவும் வாசிக்க ஏற்பாடு செய்தார்கள். இந்தக் குழு பிடித்து வந்தவன் அந்தக் குழுவையும் கேட்டாக வேண்டும். கேட்க வந்த இரு தரப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்கா வரை பேரணியாக நடந்தார்கள். முந்தைய ஆண்டு லண்டன் மாநகரத் தேர்தலில், குடியேறியவர்களை விரட்டச் சொல்லும் தேசிய முன்னணிக் கட்சி ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கியிருந்தது. அக்கட்சிக்குச் செல்வாக்கு இருந்த பகுதி வழியாகவே ரசிகர்கள் நடந்தார்கள். சுமார் 80,000 பேர் கூடியதாகக் கணக்கு. 'தி கிளாஷ்', 'ஸ்டீல் பல்ஸ்', 'எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்' குழுக்கள் வாசித்தன. கூட்டத்தில் நின்றவர்களில் ஒருவர் பில்லி பிராக் என்ற இருபது வயது இளைஞர். வேலை செய்த இடத்தில் இனவெறிப் பேச்சு நடக்கும்போது வாய் திறக்காமல் இருந்தவர். தன்னைப் போல் நினைப்பவர்கள் இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கண்ட அந்த நாள்தான் தன்னை மாற்றியது என்று பின்னாளில் புகழ்பெற்ற பாடகரான பிறகும் அவர் சொல்லி வருகிறார்.

இதைப் புனிதக் கதையாக நாம் சொல்லவில்லை. தொடக்க கால பங்க் ரசிகர்கள் சிலர் அதிர்ச்சிக்காக ஹிட்லரின் ஸ்வஸ்திகாவை அணிந்து திரிந்தார்கள். இனவெறிக் கும்பல்கள் கச்சேரிகளுக்குள் புகுந்து ஆள் பிடித்தன, அடிதடி செய்தன. விக்டோரியா பூங்காக் கச்சேரி முடிந்த நான்காம் நாள், அதே கிழக்கு லண்டனில், வங்கதேசத்திலிருந்து வந்த தையல் தொழிலாளி அல்தாப் அலி தெருவில் கொல்லப்பட்டார். ஒரு கச்சேரி ஒரு கொலையைத் தடுத்துவிடாது. 1979 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி 300க்கும் மேற்பட்ட தொகுதிகளில் நின்று எங்கும் வெல்லவில்லை. அதற்கும் இசை மட்டுமே காரணமல்ல. குடியேற்றத்துக்கு எதிரான வாக்குகளை மார்கரெட் தாட்சரின் கட்சி வாங்கிக்கொண்டதும் ஒரு காரணம். ஆனால் வேலையில்லாத வெள்ளைக்கார இளைஞனை வெறுப்பின் பக்கம் இழுக்கப் பார்த்தபோது, அவனுக்குப் பிடித்த இசைதான் குறுக்கே நின்றது. அப்படி நிற்கச் செய்தவர்கள் ரசிகர்கள்.

நம்மிடமும் தொடக்கங்கள் உண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக் கிட்டாரும் பறையும் ஒன்றாக ஒலித்தன. 'சாதியற்ற தமிழர்' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்த பெயர் அது. அம்பேத்கரைப் பாடும் பாட்டு இன்று நம் பிள்ளைகளின் கைபேசியில் ஒலிக்கிறது. ஆனால் அந்தப் பாட்டை ஊர் மேடையில் கேட்க முடிகிறதா என்பதே கேள்வி.

அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பொதுக் கேளிக்கை இடங்களுக்குள் வருவதைச் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்கிறது. சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் நாம் பங்கேற்பதைத் தடுப்பது, திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்படியிருக்க, கச்சேரியை நிறுத்துவது எப்படி அமைதியாகும்? அமைதிக் கூட்டத்தில் எழுத வேண்டிய வாசகம் வேறு: கச்சேரி நடக்கும், எவரும் எங்கும் நிற்கலாம், தடுப்பவர் மீது வழக்கு. இதை அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நடிகருக்கு ஃபிளெக்ஸ் வைக்கும் பணத்தில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தலாம். நம் ஊர்ப் பறைக் கலைஞர்களின், கானா பாடுகிறவர்களின் பெயரையும் கதையையும் எழுதலாம். பாட மேடை இல்லையென்றால் காலனித் திடலில் மேடை போட்டு, ஊர்த் தெரு நண்பர்களையும் அழைக்கலாம்.

ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. லண்டனில் கறுப்பு இளைஞர்கள் உள்ளே வந்தது மட்டும் நடக்கவில்லை. வெள்ளை ரசிகர்களும், இவர்கள் இல்லாத கச்சேரி எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். நீங்கள் கேட்டு ஆடும் பாட்டில் நம் தாளம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள உங்களுக்குத் துணிவு வேண்டும்.

இந்த ஆடியில் கச்சேரி நடக்கட்டும். ஜெனரேட்டர் ஓரத்தில் நிற்கும் பிள்ளை முன்னால் வரட்டும். மேடைக்கு எதிரே நிற்கும் பிள்ளை கொஞ்சம் நகர்ந்து இடம் விடட்டும்.