விமானியும் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்தான்

கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடாவுக்குப் போகிற ஒரு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கைகளில் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறவர்கள், கட்டட வேலைக்கும் சாரதி வேலைக்கும் போகிறவர்கள். முன்னால், பூட்டின கதவுக்கு அங்கால இருக்கிற விமானியும் பல நேரங்களில் வேறொரு நாட்டிலிருந்து அங்கே வேலைக்கு வந்தவர்தான். ஆனால் ஆங்கிலம் இரண்டு பேருக்கும் இரண்டு பெயர் வைத்திருக்கிறது. முன்னால் இருக்கிறவர் 'எக்ஸ்பட்'. பின்னால் இருக்கிறவை 'மைக்ரன்ட் வேர்க்கர்'. எங்கட பேச்சுத்தமிழில் அந்தப் பிரிப்பு இல்லை. எல்லாரும் 'வெளிநாட்டு வேலைக்குப் போனவை'தான்.

இந்த விஷயத்தில் எங்கட பேச்சுத்தமிழ்தான் சரி என்று நாங்கள் நினைக்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் சம்பளத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒப்பந்தத்தைப் பார்ப்போம். வளைகுடாவில் வேலை செய்யும் வெளிநாட்டு விமானி ஒருவரின் வதிவிட விசா பொதுவாக அவரது நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். மனைவி, பிள்ளைகளின் விசா அவரது விசாவில் தொங்கும். வீடும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் பெரும்பாலும் சம்பளப் பொதிக்குள் அடங்கும். குறித்த கால இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை, சிமியுலேட்டரில் பரீட்சை. மருத்துவத்தில் பிழைத்தால் பறக்க முடியாது. பறக்க முடியாவிட்டால் வேலை போகும், வேலை போனால் விசா, விசா போனால் வீடு. ஐக்கிய அரபு அமீரகத்தில் தொழிற்சங்கம் அமைக்கவும் அனுமதி இல்லை.

"வேறு கொம்பனிக்கு மாறலாம்தானே?" என்று கேட்கலாம். மாறலாம். ஆனால் பல விமான நிறுவனங்களில் பதவி உயர்வும் பறக்கும் அட்டவணையும் சேவை மூப்பு வரிசைப்படிதான் நடக்கும். இருபது வருட கப்டனும் புது இடத்துக்குப் போனால் வரிசையின் அடியிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். உரிமப்பத்திரத்தையும் அந்த நாட்டு அதிகாரசபை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஓட்டத் தெரிந்த விமான வகை அங்கே இல்லாவிட்டால் அதற்கும் புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டும்.

2020 இல் இது எல்லாருக்கும் வெளிச்சமாகத் தெரிந்தது. கொரோனாவில் விமானங்கள் நின்றபோது எமிரேட்ஸ் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நிறுத்தியது. அதில் விமானிகளும் இருந்தார்கள். ஒக்டோபரில் ஹொங்கொங்கின் கத்தே பசிபிக் 5,900 பேரை நிறுத்துவதாக அறிவித்து, தன் துணை நிறுவனமான கத்தே ட்ராகனை உடனடியாக மூடியது. வேலை தப்பிய ஹொங்கொங் விமானிகளிடம் சம்பளமும் சலுகைகளும் குறைந்த புதிய ஒப்பந்தம் நீட்டப்பட்டது. யோசிக்கக் கிடைத்தது இரண்டு கிழமை. மிகப் பெரும்பாலானோர் கையெழுத்திட்டார்கள். வானத்தில் விமானமே இல்லாத நேரம் வேறு எங்கே போவது? மூன்று வருடத்துக்குப் பிறகு, 2023 நத்தார் காலத்திலும் 2024 தொடக்கத்திலும், அதே நிறுவனம் போதிய விமானிகள் இல்லாமல் விமானங்களை ரத்துச்செய்ய வேண்டி வந்தது.

"சரி, அதுக்காக விமானியையும் பணிப்பெண்ணையும் ஒரே தட்டில வைக்கிறதோ?" இந்தக் கேள்வி நியாயமானது. ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒரு விமானியின் கடவுச்சீட்டை யாரும் பறித்துவைப்பதில்லை. சமையலறைத் தரையில் அவர் படுப்பதில்லை. நாங்கள் சொல்வது, இரண்டு பேரையும் கட்டியிருக்கிற கயிறு ஒன்று என்பதுதான். அந்தக் கயிற்றின் நீளத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு ஹொங்கொங் நல்ல உதாரணம்.

2001 ஜூலையில் கத்தே பசிபிக் விமானிகள் சங்கம் தொழிற்சங்க நடவடிக்கையில் இருந்தபோது நிறுவனம் 49 விமானிகளை வேலைநீக்கம் செய்தது. அவர்களில் ஒரு பகுதியினர் வழக்கைக் கைவிடாமல் நின்றார்கள். 2012 இல் ஹொங்கொங்கின் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 11 வருடம். சங்கம், சட்டத்தரணிகள், சேமிப்பு எல்லாம் இருந்தவர்களுக்கே 11 வருடம்.

அதே நகரத்தில் வெளிநாட்டுப் பணிப்பெண் ஒருவரின் ஒப்பந்தம் முறிந்தால் பொதுவாக இரண்டு கிழமைக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். 1987 இலிருந்து இதுதான் விதி. சம்பள நிலுவைக்காக அவர் முறைப்பாடு செய்தால், விசா நீடிப்புக் கேட்டு அங்கே நிற்கலாம், ஆனால் உழைக்க முடியாது. 11 வருடம் எங்கே, உழைப்பில்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும்?

இன்னொன்று. ஹொங்கொங்கில் 7 வருடம் தொடர்ந்து சாதாரணமாக வசிக்கிற வெளிநாட்டவர் நிரந்தர வதிவுரிமை கேட்கலாம். விமானிக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. பணிப்பெண்ணுக்கு இல்லை, 20 வருடம் இருந்தாலும். அவர்கள் அங்கே இருப்பது 'சாதாரண வசிப்பு' ஆகாது என்கிறது குடிவரவுச் சட்டம். 2013 மார்ச்சில் அதே இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விலக்கைச் சரி என்றது. ஆக, 'எக்ஸ்பட்' என்பது வெறும் ஆங்கிலப் பகட்டு இல்லை. யார் நிற்கலாம், யார் திரும்ப வேண்டும் என்ற சட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

ஹொங்கொங்கைக் குறை சொல்லிவிட்டு நாங்கள் தப்பிவிட முடியாது. 2022 இல் ரூபாய் விழுந்தபிறகு இங்கிருந்து வைத்தியர்கள், பொறியியலாளர்கள், விமானிகள் போனார்கள். அதற்கு 'மூளைசாலிகள் வெளியேற்றம்' என்று பெயர் வைத்து நாடே கவலைப்பட்டது. அதே வருடம் ஜூனில் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகும் பெண்களின் ஆகக்குறைந்த வயது 21 ஆகக் குறைக்கப்பட்டது. அது டொலர் வரவு. ஒருவர் போனால் இழப்பு, இன்னொருவர் போனால் வருமானம்!

அதற்கு முந்திய கதையும் எங்களுக்குத் தெரியும். 2013 ஜனவரியில் மூதூர் றிஸானா நபீக்குக்குச் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதைக் கூட்டிப் போட்ட கடவுச்சீட்டில் போன சிறுபெண். அதே வருடம் எங்கட அரசு கொண்டுவந்தது குடும்பப் பின்னணி அறிக்கை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகக் கூடாது, மற்றத் தாய்மார் பிள்ளையை யார் பார்ப்பது என்று காட்ட வேண்டும் என்று அப்போது விதி வந்தது. தகப்பன்மாரிடம் அந்தக் கேள்வி இருக்கவில்லை. மாதத்தில் பாதி நாள் வேறு வேறு நாட்டு ஹோட்டல்களில் படுக்கிற விமானியிடம், "பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்று எந்தக் கிராம உத்தியோகத்தரும் போய்க் கேட்டதில்லை.

எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் கயிறு இருக்கும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. 1998 இலிருந்து 10 வருடம் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸை நிர்வகித்தது எமிரேட்ஸ். 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பவிருந்த அப்போதைய ஜனாதிபதியின் குழுவினருக்காக, பணம் கட்டிய பயணிகளை இறக்கி இடம் கொடுக்க நிறுவனம் மறுத்தது. நிறைவேற்று அதிகாரியாக இருந்த பீட்டர் ஹில்லின் வேலை அனுமதியை அரசாங்கம் ரத்துச்செய்தது. ஒரு விமான நிறுவனத்தின் தலைவரையே ஒரு முத்திரையால் வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

எங்களோடு படிக்கிறவர்களில் கன பேர் இப்ப வெளிநாட்டு யோசனையில்தான் இருக்கிறார்கள். விமானியாகிறதுக்குக் காணி விற்கத் தயாரான வீடுகளும் உண்டு. போக வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் 'நான் எக்ஸ்பட், அவை வேற ஆக்கள்' என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். சம்பளத்தைக் கேட்பதற்கு முதல் நான்கு கேள்வி கேளுங்கள். விசா யாரின் கையில்? ஒப்பந்தத்தை அவர்கள் தனியே மாற்ற முடியுமா? வேலை போனால் எத்தனை நாள் நிற்கலாம்? சங்கம் சேரலாமா?

இந்த நான்கு கேள்விகளும் மூதூரிலிருந்து போகிற பணிப்பெண்ணுக்கும் பொருந்தும், டுபாய்க்குப் போகிற கப்டனுக்கும் பொருந்தும். கப்டனுக்குப் பதில் கேட்கத் தெரியும், கேட்டுத் தர ஆட்களும் இருக்கிறார்கள். பணிப்பெண்ணுக்காகக் கேட்க வேண்டியது ஏஜென்சி இல்லை, எங்கட அரசு. அதை அரசிடம் கேட்க வேண்டியது படித்துவிட்டு அதே விமானத்தில் ஏறப்போகிற நாங்கள்.